வாக்கு வன்னிக்கு, சாம்பல் கற்பிட்டிக்கு

1988இல் இலங்கையின் நிதியமைச்சர் ஒரு புத்தளத்துக்காரர். புத்தளம் தொகுதியின் ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினரான எம். எச். எம். நைனா மரிக்கார்தான் அவர். அவருக்கு ஒரு தலைமுறை முந்தி, அதே தொகுதியின் உறுப்பினர் எச். எஸ். இஸ்மாயில் 1956இல் சபாநாயகரானார். அந்த ஆசனத்தில் அமர்ந்த முதல் முஸ்லிம் அவர். தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அவர் தலைமை தாங்கிய அவையில்தான் என்பதை வரலாறு மறக்க விடாது. ஆனாலும் உப்பளமும் தென்னந்தோப்பும் களப்பு மீன்பிடியுமாகக் கிடந்த ஒரு கரையோரத் தொகுதியின் குரல் கொழும்பின் மேல்தட்டு வரை எட்டிய காலம் அது. முஸ்லிம்கள் திரளாக வாழும் அந்தத் தொகுதியில் அவர்களை நாடாமல் எவரும் எளிதில் வெல்ல முடியாதிருந்தது.

1989 பெப்ரவரியில் அது முடிவுக்கு வந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசார முறையின் கீழ் நடந்த முதல் பொதுத்தேர்தல் அது. புத்தளம், ஆனமடுவ, சிலாபம், நாத்தாண்டிய, வென்னப்புவ ஆகிய ஐந்தும் ஒரே தேர்தல் மாவட்டமாயின. இன்று மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முஸ்லிம். விகிதாசாரம் என்ற பெயருக்கு உண்மையாக இருந்திருந்தால் ஓர் ஆசனமாவது அவர்களுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரு பெரும் கட்சிகளின் பட்டியல்களிலும் முஸ்லிம் வேட்பாளர்கள் இடம்பெற்றார்கள். ஊர் வாக்கு இரண்டாகப் பிளந்தது. விருப்பு வாக்குப் போட்டியில் மாவட்டத்தின் தென்பகுதி வேட்பாளர்கள் முந்திக்கொண்டார்கள். தேசியப் பட்டியலில் கிடைத்த இடம் கட்சித் தலைவர் கொடுப்பது, வாக்காளர் கொடுப்பதன்று. 31 ஆண்டுகளுக்குப் பிறகு, 2020 ஓகஸ்டில், போட்டி முஸ்லிம் கட்சிகள் ஒன்றுகூடித் தராசுச் சின்னத்தில் நின்றபோதுதான் அலி சப்ரி ரஹீம் தெரிவானார். சிறுபான்மையைக் காக்கும் முறை என்று விகிதாசாரத்தைப் புகழ்பவர்கள் கிழக்கை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். புத்தளத்தில் அது இருந்ததையும் பறித்தது.

இந்தக் கரையின் தலையெழுத்தை மாற்றிய மூன்று பெரும் நிகழ்வுகளும் அந்த 31 ஆண்டுகளுக்குள்தான் வந்தன.

முதலாவது 1990 ஒக்டோபர். வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். மன்னார்த் தீவு மக்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணிநேரம். மொத்தமாக 70,000க்கும் அதிகமானோர். அவர்களில் பெரும்பாலோர் புத்தள மாவட்டத்தில் தங்கினார்கள். உள்ளூர் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள், சோறு சமைத்துக் கொடுத்தார்கள், தென்னந்தோப்புகளில் கிடுகுக் கொட்டில் போட இடம் கொடுத்தார்கள். தமிழில் எழுதும் நாம் இந்த வெளியேற்றத்தைப் பற்றி எழுத வேண்டிய அளவு இன்னும் எழுதவில்லை. அதை இங்கே சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

வந்தவர்களின் பெயர் வாக்காளர் இடாப்பில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலுமே இருந்தது. அதைப் புத்தளத்துக்கு மாற்றுவது ஊரையே எழுதிக்கொடுப்பதற்குச் சமம் என்று அவர்கள் அஞ்சினார்கள். காணிக்கும் மீள்குடியேற்ற உதவிக்கும் அந்தப் பதிவே சான்று. அதனால் புத்தளத்தில் அமைத்த கொத்தணி வாக்களிப்பு நிலையங்களில் வரிசையில் நின்று, வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உறுப்பினர்களைத் தெரிவுசெய்தார்கள். குடிநீரும் பாடசாலையும் வைத்தியசாலையும் புத்தளத்தில்; வாக்கு மட்டும், பல ஆண்டுகள் கால்வைக்கவும் முடியாத ஊரில். மன்னாரிலிருந்து தானும் இடம்பெயர்ந்த ரிஷாத் பதியுதீன் 2001இல் வன்னி உறுப்பினராகி, பின்னர் அமைச்சரானதற்கு இந்த முகாம் வாக்குகள் பெரும் பலம். இன்னொரு பக்கம், வகுப்பறையிலும் கூலிவேலையிலும் நெருக்கடி கூடக்கூட, அன்று சோறு போட்டவர்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையே மனத்தாங்கல் வளர்ந்தது. யாரையும் குறைசொல்ல முடியாது. இரு சாராரையும் ஒருசேரப் பார்த்துத் திட்டமிட்டிருக்க வேண்டியது அரசு. நிரந்தர வீடுகளுக்கு உலக வங்கியின் 3.2 கோடி டொலர் வந்ததே 2007இல்தான்.

அதற்குள் இரண்டாவது நிகழ்வு தொடங்கிவிட்டது. திருகோணமலையில் கட்ட நினைத்த நிலக்கரி மின் நிலையம் இடம் மாறிப் புத்தள மாவட்டத்து நுரைச்சோலைக்கு வந்தது. விவசாயிகளும் மீனவர்களும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1990களிலிருந்தே எதிர்த்தார்கள். புனித அன்னாளின் தலவில ஆலயம் அருகில்தான். எதிர்ப்பால் ஆண்டுகள் தள்ளிப்போன வேலை 2006இல் தொடங்கியது. சீன எக்சிம் வங்கிக் கடன், சீன நிறுவனத்தின் கட்டுமானம். 2011 மார்ச்சில் முதல் அலகு, 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இங்கிருந்து போகிறது. நாட்டுக்கு அந்த மின்சாரம் வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கரைவலைப் பாடுகளை இழந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். தென்மேல் பருவக்காற்று ஓய்ந்திருக்கும் மாதங்களில் மட்டுமே கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க முடியும். ஆண்டு முழுவதற்குமான கரி கரையில் குவிகிறது. காற்று எழும்பினால் கரித்தூளும் சாம்பலும் நரக்களி, பணியடிப் பக்கத்து வெங்காயப் பாத்திகளில் படிகின்றன. கற்பிட்டியின் மணல் நிலத்தைத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தோட்டமாக்கியவர்களின் பாத்திகள் அவை.

இதே கதையைக் கானாவில் பார்க்கலாம். 1957இல் விடுதலை பெற்ற அந்த நாட்டில் குவாமே நிக்ரூமா வோல்ட்டா ஆற்றின் குறுக்கே அக்கொசொம்போ அணையைக் கட்டினார். 700க்கும் மேற்பட்ட ஊர்கள் நீரில் மூழ்கின. சுமார் 80,000 பேர் குடிபெயர்ந்தார்கள். மின்சாரத்தின் பெரும்பங்கு அமெரிக்கர்களின் அலுமினிய ஆலைக்குப் போனது. குடியேற்றப்பட்ட ஊர்கள் பல நெடுங்காலம் இருட்டில் கிடந்தன. அணை திறந்தது 1966 ஜனவரியில், நிக்ரூமாவை இராணுவம் கவிழ்த்தது மறுமாதம். ஆனால் 1964இலேயே அங்கே ஒரே கட்சி ஆட்சி வந்துவிட்டதால், மூழ்கிய ஊர்களுக்காகச் சட்டசபையில் எதிர்த்துப் பேச ஆளிருக்கவில்லை. இலங்கையில் 1931 முதல் சர்வசன வாக்குரிமை உண்டு, பல கட்சிகள் உண்டு, ஆட்சிகள் வாக்கால் மாறின. அப்படியிருந்தும் நுரைச்சோலைக்கு நேர்ந்தது பெரிதும் வேறுபடவில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தில் என்னை உறுத்துவது.

மூன்றாவது, குப்பை. 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்பின் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தலைநகரின் குப்பையை, சீமெந்து ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிக் கைவிட்ட புத்தளத்து அருவக்காட்டுக் குழிகளில் கொட்டுவதே தீர்வு என்றது அரசு. வில்பத்து வனத்தின் விளிம்பும் களப்பும் கலா ஓயாவும் அயலிலேயே உள்ளன. களனியிலிருந்து சுமார் 170 கிலோமீற்றர் ரயிலில் கொண்டுவருவது திட்டம். ‘க்ளீன் புத்தளம்’ என்ற பெயரில் எழுந்த போராட்டத்தில் உள்ளூராரும் இடம்பெயர்ந்தோரும், முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும், இமாம்களும் பாதிரிமாரும் சேர்ந்து நின்றார்கள். 100 நாள்களைக் கடந்தும் அது ஓயவில்லை. 2019 மார்ச்சில் காலிமுகத்திடல் வரை போனார்கள். அந்த ஓகஸ்டில் குப்பை லொறிகள் வந்தன.

மீண்டும் வாக்கின் கதைக்கு வருவோம். இடம்பெயர்ந்தோர் பழைய முகவரியிலேயே பதிவுசெய்ய இடமளிக்கும் சிறப்புச் சட்டம் நிறைவேறியிருந்தது. உரிமை தாளில் உறுதியானது. 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் புறப்பட்ட 100க்கும் மேற்பட்ட பஸ்கள் அநுராதபுர மாவட்டத்துத் தந்திரிமலையை அண்மித்தபோது, வீதியில் டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. கல்லெறிந்தார்கள், துப்பாக்கியால் சுட்டார்கள். பஸ்கள் சேதமடைந்தன, உயிரிழப்பு இல்லை. பொலிஸ் வந்து சேர்ந்தபின் பயணம் தொடர்ந்தது. அவர்கள் மன்னாருக்குப் போய் வாக்களித்தார்கள்.

(தொடரும்)