செருமானியப் பாலங்களும் பற்றவைப்பின் படிப்பினையும் (1936–1938)

உலோகத்தை உலோகத்தோடு இணைக்கும் கலைக்குத் தமிழில் தொன்மையான சொற்கள் உண்டு. பொற்கொல்லர் பற்றாசுப் பொடி வைத்து ஊதி அணிகலனின் உறுப்புகளை ஒட்டினர். அம்முறையில் உருகுவது பற்றாசு மட்டுமே. இணைக்கப்பெறும் பொன் உருகுவதில்லை. மின்வில் பற்றவைப்பிலோ இணையும் தகடுகளின் விளிம்புகளே உருகிக் கலக்கின்றன. ஆதலின் இணைப்பின் வன்மை பற்றவைப்பவரின் கைத்திறனை மட்டும் சாராது, தகட்டின் உள்ளியல்பையும் சார்கிறது. இவ்வுண்மையைச் செருமானியப் பொறியியல் உலகம் 1930-களில் பெரும் இழப்பின் வழியாகவே உணர்ந்தது.

சுவீடனைச் சேர்ந்த ஆஸ்கர் செல்பேரி 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பூச்சிட்ட மின்வாயை உருவாக்கினார். 1922-இல் செருமனியின் ஃபின்சுடர்வால்டே நகரில் அவர் தொழிலகம் நிறுவினார். வெர்சாய் உடன்படிக்கை செருமானியப் போர்க்கப்பல்களின் எடையை 10,000 டன்னுக்குள் கட்டுப்படுத்தியிருந்தது. எடையைக் குறைக்க வேண்டி, 1931-இல் கீல் துறைமுகத்தில் வெள்ளோட்டம் விடப்பெற்ற 'டாய்ச்லாந்து' கப்பலின் உடற்பகுதியில் தறையாணிகளுக்கு மாற்றாகப் பற்றவைப்பு பெருமளவில் கையாளப்பெற்றது. பாலக் கட்டுமானமும் அதே வழியில் சென்றது.

பாலங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றது 'எஸ்.டி. 52' என்னும் எஃகு. சதுர மில்லிமீட்டருக்கு 52 கிலோகிராம் இழுவலிமை உடையது என்பதே அப்பெயரின் பொருள். வழக்கமான 'எஸ்.டி. 37' எஃகைவிட வலிமை மிக்க இவ்வெஃகு தறையாணிப் பாலங்களில் குறையின்றிப் பயன்பட்டது. ஆனால் 1936-இல் பெர்லின் விலங்குப் பூங்கா நிலையத்தருகே, ஆர்டன்பெர்க் தெருவின் மேலமைந்த இரயில் பாலத்தின் பற்றவைத்த உத்தரங்களில் வெடிப்புகள் தோன்றின. 1938 சனவரியில், கடுங்குளிரில், பெர்லினுக்குக் கிழக்கே ரூடர்ஸ்டோர்ஃபில் விரைவுச்சாலைப் பாலத்தின் உத்தரங்கள் திடீரெனப் பிளந்தன. அதே ஆண்டு மார்ச்சில் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் ஆல்பர்ட் கால்வாயின் மீதிருந்த பற்றவைத்த பாலம் முற்றாக இடிந்து வீழ்ந்தது.

செருமானியப் பாலங்களில் நேர்ந்த பிளவின் காரணம் ஒன்றன்று. தடித்த தகடு வில்லின் வெப்பத்தை விரைந்து உறிஞ்சிவிடும். அதனால் பற்றின் அருகிலுள்ள எஃகு சடுதியில் குளிர்ந்து, கரியும் மாங்கனீசும் மிகுந்தவிடத்துக் கடினமாகி, நொறுங்கும் தன்மை பெறும். ஈரமான மின்வாய்ப் பூச்சிலிருந்து புகும் ஹைட்ரஜன் அவ்விடத்தில் நுண்வெடிப்பை விதைக்கும். உருகிய உலோகம் உறைந்து சுருங்குகையில் எழும் உள்தகைவு அவ்வெடிப்பை இழுத்துப் பிடிக்கும். குளிர்காலத்தில் எஃகின் நெகிழுந்தன்மை குன்றவே, நுண்வெடிப்பு கணப்பொழுதில் நெடும்பிளவாகும். தறையாணிப் பாலத்தில் ஒரு தகட்டின் பிளவு அத்தகட்டின் விளிம்பில் நின்றுவிடும். பற்றவைத்த பாலமோ ஒரே உடல், பிளவுக்கு எல்லை இல்லை.

செருமானியர் பற்றவைப்பைக் கைவிடவில்லை. எஃகைச் சோதிக்கும் முறையை மாற்றினர். இரயில்வேப் பொறியாளர் ஓட்டோ கொம்மரெலின் பெயரால் வழங்கும் வளைவுச் சோதனை இதற்குச் சான்று. தடித்த தகட்டில் வெட்டிய பள்ளத்தில் ஒரு பற்றுவரி இட்டு, அவ்வரி இழுபடுமாறு தகட்டை வளைப்பர். நல்ல எஃகு வரியில் தோன்றும் வெடிப்பைத் தடுத்து நிறுத்தி வளையும். தீய எஃகு முன்னறிவிப்பின்றி முறியும். இதனுடன் அலுமினியம் இட்டு நுண்மணியாக்கிய எஃகும், தடித்த தகட்டைப் பற்றவைக்குமுன் சூடேற்றிக் குளிர்வை மெதுவாக்கும் முறையும் நிலைபெற்றன. வலிமை வேறு, பற்றவைப்புக்குரிய தகுதி வேறு என்னும் வேறுபாடு இவ்வாறு நிறுவப்பெற்றது. இன்றைய ஐரோப்பியச் செந்தரத்தின் 'எஸ் 355' எஃகு, திருத்தம்பெற்ற எஸ்.டி. 52-இன் வழித்தோன்றலே.

இவ்வரலாறு தமிழகத்துக்கு அயலானதன்று. மேற்குச் செருமனியின் துணையுடன் 1959-இல் சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தோன்றியது. திருச்சிராப்பள்ளியில் உயரழுத்தக் கொதிகலன் ஆலையோடு இணைந்து 1975-இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. கொதிகலனின் தடித்த உருளையைப் பற்றவைக்குமுன் சூடேற்றும் தொழிலாளி, ரூடர்ஸ்டோர்ஃபின் படிப்பினையையே நாள்தோறும் கைக்கொள்கிறார். ஆயினும் பட்டறைகளில் அவர் அறிவு பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களிலேயே வழங்குகிறது. பற்றாசையும் பற்றவைப்பையும், வலிமையையும் பற்றுத்தகுதியையும் பிரித்துணர்த்தும் தமிழ்ச் சொற்கள் பாடநூலில் நிலைபெறுதல் சொல்லாக்க ஆர்வத்தால் மட்டும் வேண்டப்படுவதன்று. ஒரு வேறுபாடு பெயரின்றிக் கிடந்தால் அது மறக்கப்படும். மறந்ததன் விலையைப் பாலங்கள் முன்பே காட்டியுள்ளன.