மலைக்கு ஏறிய மென்பொருள்: ஆப்ட் பற்றிய ஒரு குறிப்பு

போன மழைக்காலத்தில் கல்வராயன் மலையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் போன் செய்தார். அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினியை இப்போது அவர் வைத்திருக்கிறார். விண்டோஸ் திணறியதால், கள்ளக்குறிச்சியில் வைத்து நான்தான் அதில் டெபியன் 12 போட்டு, எல்எக்ஸ்டிஇ மேசைத்தளத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.

"சார், கீழ இருந்த பட்டையைக் காணோம். ஐகான் எதுவும் இல்ல."

"கடைசியா எதை எடுத்தீங்க தம்பி?"

"லிப்எஃப்எம்னு ஒண்ணு. எஃப்எம் ரேடியோதானேன்னு நினைச்சேன் சார்."

சிரிப்பு வந்தது. ஆனால் பெயர் வைத்தவர்கள் மேலும் தப்பு இருக்கு. அந்த எஃப்எம், ஃபைல் மேனேஜர். தைவானைச் சேர்ந்த ஹாங் ஜென் யீ 2006-ல் தொடங்கியது எல்எக்ஸ்டிஇ. அதில் கோப்பு மேலாளரான பிசிமேன்எஃப்எம், கீழ்ப்பட்டையான எல்எக்ஸ்பேனல் இரண்டுமே லிப்எஃப்எம் நூலகத்தை நம்பி நிற்பவை. தூணை எடுத்தால் கூரையும் வரும். எதெல்லாம் கூடவே போகும் என்று ஆப்ட் பட்டியல் போட்டுக் கேட்டிருக்கும். தம்பி படிக்காமல் 'ஒய்' தட்டியிருக்கார். நாம தட்டாததா?

அடுத்த வாரம் அவர் புராஜெக்ட் கொடுக்கணும். வீட்டில் சிக்னல் இல்லை, மேட்டுக்கு ஏறினால்தான் போனே பேச முடியும். மடிக்கணினி பேட்டரி செத்து நாளாச்சு, அதை மேட்டுக்குத் தூக்கிப் போகவும் வழியில்லை. இணையம் இல்லாமல் மென்பொருளை எப்படித் திரும்பச் சேர்ப்பது? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய கதைக்குள் இழுத்துப் போனது.

இயன் முர்டாக் டெபியனை அறிவித்தது 1993 ஆகஸ்ட் 16. (அடுத்த மாதக் கடைசியில்தான் தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. அதிலிருந்து 2019-ல் கள்ளக்குறிச்சி.) 1994-ல் இயன் ஜாக்சன் டிபிகேஜி நிரலை சி மொழியில் திருத்தி எழுதினார். கையில் இருக்கும் பொதியை அது நிறுவும், நீக்கும். ஆனால் குறைகிற சார்புப் பொதிகளைத் தானே தேடி எடுத்து வராது. அந்த வேலைக்கு வந்ததுதான் ஆப்ட். 1999 மார்ச்சில் டெபியன் 2.1-ல் சேர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஆப்ட் பிறந்த காலத்தில் இணையம் அரிது. அதனால் சிடியையும் ஒரு களஞ்சியமாக ஏற்கும் வசதி அதில் இருந்தது. 2005-ல் டெபியன் 3.1 வந்தபோது முழுத் தொகுப்பும் 14 சிடி! இணையத்திலிருந்து எடுத்த பொதிகளையும் ஆப்ட்-கெட் நிறுவி முடித்த பிறகு தூக்கி எறியாது, கேஷ் அடைவில் அப்படியே வைத்திருக்கும். அதைப் பென்டிரைவில் அள்ளிப் போய் இன்னொரு கணினியில் நிறுவலாம்.

2016 வாக்கில் இது மாறியது. 'ஆப்ட்' என்ற புதிய சுருக்கக் கட்டளை, நிறுவி முடித்ததும் பொதிகளை அழித்துவிடும். வேணும்னா மறுபடி இறக்கிக்கலாம் என்ற நினைப்பு. பெங்களூரில் அது சரி. பழைய 'ஆப்ட்-கெட்' மட்டும் இன்றும் வைத்திருக்கிறது.

நான் எதைப் பயன்படுத்தி எல்எக்ஸ்டிஇ-யை நிறுவினேன்? சோம்பேறித்தனம்தான்: 'ஆப்ட்'. பழைய கட்டளையைத் தட்டியிருந்தால் தேவையான எல்லாமே அந்த மடிக்கணினிக்குள்ளேயே இருந்திருக்கும். ரேடியோன்னு நினைத்தவரைவிடத் தப்பு என்னுடையதுதான்.

ஆனாலும் பழைய ஆட்கள் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 தட்டினால் கறுப்புத்திரை முனையம் வரும். அங்கே ஆப்ட்-கெட்டிடம் 'பிரிண்ட்-யூஆர்ஐஸ்' என்று கேட்டால், எதையும் இறக்காமல் முகவரிகளை மட்டும் பட்டியல் போடும். மேட்டில் நின்றபடி தம்பி கட்டளைகளை நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் பட்டியல் பென்டிரைவில் பஸ் ஏறிக் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்தது. நான் இறக்கிக் கொடுத்தேன். சாயங்காலப் பஸ்ஸில் பொதிகள் மலை ஏறின. அங்கே டிபிகேஜி போதும்.

சினாப்டிக் வைத்திருப்பவர்கள் இதையே மெனுவில் 'தரவிறக்க ஸ்கிரிப்ட்' என்று எடுக்கலாம். ஆப்ட்-ஆஃப்லைன் என்று தனிக் கருவியும் இருக்கு.

ராத்திரி மேட்டிலிருந்து போன் வந்தது. "பட்டை வந்துடுச்சு சார். இனிமே லிஸ்ட்டைப் படிச்சுட்டுத்தான் 'ஒய்' போடுவேன்."

நானும் இனிமே மலைக்குப் போகும் கணினிகளில் 'ஆப்ட்-கெட்' என்று முழுசா தட்டுவேன்.