ஹாண்டில் துளை

இந்தத் தொடரில் கடந்த வாரங்களில் மாட்டுவண்டியோடு மெல்ல ஊர்ந்து வந்தோம். 1820இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கிய காலத்திலும், 1905இல் ரயில் காங்கேசன்துறைவரை வந்து சேர்ந்த காலத்திலும், வலிகாமத்துக் கிராமங்களுக்குள் பாரம் சுமந்தது மாடுதான். ரயில் வந்ததே தவிர, தோட்டத்து வரம்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. சில்லாலையில் கிண்டிய வெங்காயம் வண்டியேறி மல்லாகத்துக்கோ தெல்லிப்பழைக்கோ போகவேண்டும். அங்கே ஸ்ரேசனில் இறங்கி, பெட்டியில் ஏறி, கொழும்பில் இறங்கி, திரும்ப ஏறிப் புறக்கோட்டைக் கடைக்குப் போகவேண்டும். ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் கூலி. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நசியல், கொஞ்சம் அழுகல். தோட்ட வாசலில் ஏற்றிக் கடை வாசலில் இறக்கும் ஒரு வாகனம் வந்தபோது, அது எவ்வளவு சத்தம் போட்டாலும் எவ்வளவு புகை கக்கினாலும் எங்கள் ஆட்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

அந்த வாகனங்கள் பெரும்பாலும் பிரித்தானியாவிலிருந்து வந்தவை. பெட்போர்ட், ஒஸ்ரின், கொமர், அல்பியன், லேலண்ட். இவற்றில் பெட்போர்டுக்கு முதல் இடம் கொடுக்கலாம். அமெரிக்க ஜெனரல் மோட்டோர்ஸ் கொம்பனி இங்கிலாந்தில் செவர்லட் லொறிகளைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தது. 1931இல் அவற்றுக்கு உள்ளூர்ப் பெயர் ஒன்று வைத்து, லூற்றன் நகரத்திலிருந்து பெட்போர்ட் என்று இறக்கியது. இரண்டாம் உலகப் போரில் இராணுவத்துக்கென்று மட்டும் இரண்டரை லட்சம் பெட்போர்டுகள் செய்தார்கள். போர் முடிந்ததும் மிஞ்சியவை உலகெங்கும் ஏலத்துக்கு வந்தன. பாகிஸ்தானில் அந்த இனத்துக்கு மலையும் மயிலும் வரைந்து இன்றுவரை கொண்டாடுகிறார்கள். அல்பியன் ஸ்கொட்லாந்துப் பிறப்பு. கிளாஸ்கோவில் 1899இல் தொடங்கி, 1951இல் லேலண்டுக்குள் கரைந்துபோனது. கொமரின் இரட்டைத்தட்டு டீசல் எஞ்சின், மூன்று சிலிண்டருக்குள் ஆறு பிஸ்டன் வைத்து 1954இல் வந்த வினோதம். அதன் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் சென்னை எண்ணூரிலும் இதே குடும்பம்தான் குடியேறியது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டோர்ஸ் முதலில் பூட்டியது ஒஸ்ரின் ஏ40 கார்களை; பிறகு லேலண்டோடு கைகோத்து 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. பிரித்தானிய லொறிகளின் ஏகபோகத்தை எங்கள் பக்கத்தில் அசைத்தது இன்னொரு இந்திய வண்டி. டாட்டா கொம்பனி பென்ஸ் உரிமத்தோடு செய்த லொறியை முதன்முதலாக வெளிநாட்டுக்கு அனுப்பியது 1961இல். அனுப்பிய இடம் இலங்கை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். பிரித்தானியாவில் பழைய லொறி என்றால் கொம்பனிப் பெயர்தான் முன்னுக்கு வரும். பதினேழாம் நூற்றாண்டில் பொதிகுதிரைகளோடு ஆரம்பித்த பிக்ஃபோர்ட்ஸ் இன்றும் வீட்டுச் சாமான் ஏற்றுகிறது. ஒவ்வொரு கொம்பனிக்கும் தனி நிறம், கதவில் தனி எழுத்து. 1947இல் தொழிற்கட்சி அரசாங்கம் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்து, தூரப் பயணம் செய்யும் லொறிக் கொம்பனிகளை வாங்கி ‘பிரிட்டிஷ் றோட் சேர்விசஸ்’ என்ற ஒரே குடைக்குள் போட்டது. சுமார் 40,000 வண்டிகள். தனியார் லொறிக்கு 25 மைல் சுற்றளவே எல்லை. 1953இல் சேர்ச்சில் அரசாங்கம் அதைப் பிரித்து விற்கத் தொடங்கியது. இந்த இழுபறியில் காணாமற்போன சிறு கொம்பனிகளின் நிறங்களைத்தான் அங்கே வயோதிபர்கள் இன்றும் நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

இலங்கையில் நடந்தது நேரெதிர். 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ்கள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. லொறிகளை யாரும் தொடவில்லை. அவை முதலாளிமாரிடமே இருந்தன. எங்கள் பக்கத்து முதலாளி என்றால் பெரிய அலுவலகமும் எழுதுவினைஞர்களும் என்று நினைக்கவேண்டாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு லொறி, மிஞ்சினால் இரண்டு. தம்பி சாரதி, மச்சான் கிளீனர், கணக்குக் கொப்பி அண்ணியிடம். சேசிஸ் மட்டும் கப்பலில் வரும். அதற்கு மேல் மரப் பெட்டியை உள்ளூர்த் தச்சர் அடித்தார். நெற்றிப் பலகையில் முருகன் துணை அல்லது அந்தோனியார் துணை. பண்டத்தரிப்பு, சில்லாலை, மாதகல் பக்கத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. ஆகவே கொம்பனி வரலாறு எழுதுவதுபோல் எங்கள் லொறி வரலாற்றை எழுதமுடியாது. அது குடும்ப வரலாறாகவே வந்து சேரும்.

அந்த லொறிகளின் இலக்கத் தகடு அவற்றின் சாதகக் குறிப்பு. இ.எல்., இ.என்., இ.வை. என்று ஆங்கில எழுத்து இரண்டு இருந்தால் 1957க்கு முந்திய பிறப்பு. அந்த ஆண்டிலிருந்து புதிய வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கட்டாயமாக்கினார்கள். தமிழரசுக் கட்சி எதிர்த்தது. தமிழ் ஸ்ரீ எழுதி ஓட்டினார்கள். 1958 மார்ச்சில் போக்குவரத்துச் சபையின் புதிய பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்கு வந்தபோது போராட்டம் கொதித்தது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. பழைய ஒஸ்ரினும் பெட்போர்டும் ஆங்கில எழுத்தைச் சுமந்தபடி இந்தச் சண்டைக்கு வெளியே நின்றன. இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காத மொழி என்பதால் தப்பின என்று பகிடியாகவும் சொல்லலாம்.

கொழும்புப் பயணம் ஏறக்குறைய 250 மைல். பொழுது சாயமுன் சங்கானையிலும் சுன்னாகத்திலும் சந்தைப் பொருட்களை ஏற்றி முடிப்பார்கள். வெங்காயம், காய்ந்த மிளகாய், பாடம் செய்த புகையிலைச் சிப்பம், வாழைக்குலை. எல்லாம் அந்தர்க் கணக்கு. ஆனையிறவு தாண்டி, பரந்தன், கிளிநொச்சி கடந்தால் முறிகண்டி. எந்தப் பெரிய கொம்பு முளைத்த சாரதியும் அங்கே நிறுத்தாமல் போகமாட்டார். பிள்ளையாருக்குத் தேங்காய், கிளீனருக்குக் கச்சான், எஞ்சினுக்குத் தண்ணீர். அதன்பின் மாங்குளக் காடு, வவுனியா, மதவாச்சி. இங்கிலாந்திலேயே 1957வரை பார லொறிக்கு மணிக்கு 20 மைல்தான் சட்டபூர்வ வேகம் என்பதை நினைத்தால், இந்த வண்டிகள் இரவோடிரவாகப் புறக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்ததை அதிசயம் என்றே சொல்லவேண்டும். திரும்பும்போது அரிசி, சீனி, துணி, இரும்பு. வெறும் லொறி திரும்பினால் முதலாளிக்கு முகம் கறுக்கும். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை இன்னொரு பாரத்தைக் கொடுத்தது. வன்னியிலிருந்து வைக்கோலும் விறகும் வந்தன.

நல்ல காலம் என்று பழைய சாரதிமார் சொல்வது 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தை. அப்போதைய அரசாங்கம் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத் தோட்டக்காரன் கையில் காசு புரண்டது; லொறிக்காரன் கையிலும் புரண்டது. ஆனால் அந்தக் காசுக்குப் புது லொறி வாங்க வழியில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களின் தொடக்கத்திலேயே வாகன இறக்குமதி நெரிக்கப்பட்டிருந்தது. அதனால் இருந்ததையே திருத்தினார்கள். கறாஜ்காரன் அந்த நாட்களில் முக்கியமான மனிதன். வராத உதிரிப்பாகத்தைக் கடைச்சல் பட்டறையில் கடைந்து எடுப்பான். வெடித்த சேசிஸை ஒட்டுவான். பெற்றோல் எஞ்சினைக் கழற்றி பீற்றர்பரோ நகரத்துப் பேர்க்கின்ஸ் டீசலை இறக்குவான். இருபது வயதான லொறிக்குள் பிறந்தபோது இருந்த எஞ்சின் இருப்பது அபூர்வம்.

1977இல் கதவு திறந்தது. இசுசு எல்ஃப் வந்தது. சத்தமில்லை, இலகுவான ஸ்ரியரிங், சாவியைத் திருப்பினால் ஸ்ராட். கிழ பெட்போர்டுகள் ஒவ்வொன்றாக வளவுகளுக்குள் ஒதுங்கின. இன்னும் பத்து ஆண்டு அமைதியாகக் கழிந்திருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன். இங்கிலாந்தில் முடிந்ததுபோல: டன்ஸ்ரபிளில் பெட்போர்ட் லொறிகளை ஜெனரல் மோட்டோர்ஸ் 1986இல் கைவிட்டது, வாங்கியவரின் கொம்பனியும் 1992இல் முறிந்தது.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி அடைபட்டது, பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகம் எதுவும் இல்லை. புது ஜப்பான் வண்டிகள் முதலில் படுத்தன. அவற்றுக்கு நல்ல பற்றறி இல்லாமல் உயிர் வராது. ஆனால் பழைய பிரித்தானிய வண்டியின் முன் பம்பரில் ஒரு துளை இருந்தது. அதற்குள்ளால் ஹாண்டிலை விட்டு, எஞ்சினின் முன்முனையில் கொழுவி, வலிந்து ஒரு சுற்றுச் சுற்றினால், ஸ்ராட்டரைச் சுழற்ற வலுவில்லாத கிழப் பற்றறியே பொறிக்குப் போதும். (பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே பிடிக்கவேண்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் கை முறியும், முறிந்தவர்களும் உண்டு.) மினுமினுப்புக் குறைந்த காலத்தில் ஏதோ ஒரு பொறியியலாளர், பற்றறியை முழுக்க நம்பாமல் விட்டுவைத்த துளை அது.

பெற்றோல் எஞ்சினோடு மிஞ்சியிருந்த வண்டிகளுக்கு எரிபொருள் மண்ணெண்ணெய். இதில் மாயம் ஒன்றும் இல்லை. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அமுக்கம் கூடினால் பொறி வரமுன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டவைக்கும். புதிய பெற்றோல் எஞ்சின் கலவையை ஒன்பது, பத்து மடங்குக்கு அமுக்கும். பழைய பெட்போர்டும் ஒஸ்ரினும் ஆறு, ஏழு மடங்குதான். மலிவான பெற்றோலுக்காகச் செய்த அந்தச் சோம்பலான எஞ்சின்கள் மண்ணெண்ணெயையும் சகித்துக்கொண்டன. சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கவனமான சாரதி நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, அடுத்த ஸ்ராட்டுக்குக் காபரேற்றரை நிரப்பி வைப்பார். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், பிளக் கரிபிடிக்கும். றோட்டெல்லாம் குப்பிவிளக்கு அணைந்த வாசம்.

இதே முறையில்தான் 1940களில் இங்கிலாந்துக் கமக்காரர்கள் பெர்கசன், போட்சன் உழவு இயந்திரங்களை ஓட்டினார்கள். பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த மலிவு எண்ணெய்க்கு மாறுவது அங்கே கொம்பனிக் கையேட்டில் அச்சிட்ட முறை. அந்தக் கையேட்டைக் காணாத யாழ்ப்பாணத்துக் கறாஜ்காரன் ஐம்பது வருடம் கழித்துத் தன்பாட்டில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தான். அவனுடைய திறமையைப் பற்றி நாங்கள் இன்னும் போதிய அளவு எழுதவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்த வாகனங்கள் காதலால் பிழைத்தவை என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். முதலில் இறக்குமதிக் கட்டுப்பாடு, பிறகு பொருளாதாரத் தடை. இரண்டு தடவையும் வேறு வழி இல்லாததால்தான் அவை ஓடின. ஓட்டியவர்கள் யாரும் அதை விரும்பிச் செய்யவில்லை. மருத்துவமனைக்கு ஆள் கொண்டுபோகவும் நிவாரண அரிசி ஏற்றவும் ஓட்டினார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவில், லொறியும் லாண்ட்மாஸ்டரும் கிடைத்தவர்கள் கொஞ்சப்பேர். மற்றவர்கள் சைக்கிளை உருட்டினார்கள்.

ஏ9 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்ற்றில் மூடியது, 2009இல் மறுபடி திறந்தது. திறந்த கதவால் புதிய வாகனங்கள் வந்ததோடு பழைய இரும்பு வாங்குகிறவர்களும் வந்தார்கள். கார்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. ஏ40 கலியாண வீட்டுக்குப் பூச்சூடிப் போகிறது. மொறிஸ் மைனருக்குக் கொழும்பில் நல்ல விலை. லொறிக்கு அந்த மதிப்பு இல்லை. கலியாணத்துக்கு யார் பெட்போர்ட் கேட்கிறார்கள்? நிறுத்திவைக்க இடமும் வேண்டும். வெட்டி, நிறுத்து, கிலோக் கணக்கில் ஏற்றினார்கள். அந்த இரும்பு தெற்குக்குப் போனதும் லொறியில்தான்.

பிரித்தானியாவில் லேலண்ட் நகரத்தில் 1983இலிருந்து வர்த்தக வாகனங்களுக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது. ஆண்டுதோறும் லண்டனிலிருந்து பிரைற்றனுக்குப் பழைய லொறிகளை ஊர்வலமாக ஓட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் நாங்கள் போகத் தேவையில்லை. பண்டத்தரிப்பு, சங்கானை, மாதகல் பக்கத்து லொறி வீடுகளில் பதிவுப் புத்தகமோ, பாரக் கணக்கு எழுதிய கொப்பியோ, புது லொறிக்குப் பூசை செய்த நாளில் எடுத்த படமோ இருந்தால், பழைய கடதாசிக்காரனுக்கு நிறுத்துக் கொடுக்கமுன் ஒரு பிரதி எடுத்து இந்தத் தொடருக்கு அனுப்பிவையுங்கள். கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஓடிய தட்டிவானை இந்த வாரம் வேண்டுமென்றே தொடவில்லை. சங்கிலியில் தொங்கும் அந்தப் பின்தட்டிக்கு அடுத்த வாரம் முழுவதும் வேண்டும்.