கடல்மல்லைச் செலவு

சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பத்தக்க ஊர் எது என்று கேட்டால், முதலில் நாவில் வருவது மாமல்லபுரமே. காலையில் பேருந்து ஏறி, காஞ்சியில் இரண்டு மூன்று கோயில்களைத் தொழுது, நண்பகலுக்குமேல் கடற்கரையை அடைந்து, கற்றேர்களின்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, விளக்கேற்றும் பொழுதில் நகருக்குத் திரும்பிவிடலாம். உடன்வரும் வழிகாட்டி சொல்ல வேண்டியவற்றைச் சொல்லிவிடுவார். கோயில்களை எடுப்பித்த பல்லவ மன்னர்களைப் பற்றி அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவற்றைக் காண வந்தவர்களையும் அவர்களுக்குக் காட்டியவர்களையும் பற்றிய பேச்சுத்தான் குறைவு. ஆயினும் மல்லையைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, காட்டியவர்கள் சொன்ன சொல்லிலிருந்து பிறந்ததேயாகும்.

அறியக் கிடைக்கும் பழைய மல்லைச் செலவு ஒன்று வடமொழி நூலில் உள்ளது. நம் தண்டியலங்காரத்திற்கு மூலமான காவியாதரிசத்தை இயற்றிய தண்டியாசிரியர் காஞ்சியில் வாழ்ந்தவர். ஏழாம் நூற்றாண்டின் இறுதியும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கமும் அவர் காலம் என்பர். அவருடைய 'அவந்திசுந்தரி கதை'யின் முன்னுரைப் பகுதியில் லலிதாலயன் என்னும் சிற்பி அவரிடம் வருகிறான். மாமல்லபுரத்தில் கடலோரம் பள்ளிகொண்ட திருமாலின் கை ஒடிந்திருந்ததென்றும், அதனைத் தான் ஒட்டிச் சீர்செய்திருப்பதாகவும், வேலை செம்மையாக அமைந்துள்ளதா என்று நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமென்றும் அவன் வேண்டுகிறான். தண்டி நண்பர்களுடன் புறப்படுகிறார். கடலலை வந்து திருவடியைத் தொடும் இடத்தில் அப்பெருமானைக் காண்கிறார். ஒட்டிய இடம் கண்ணுக்குப் புலப்படவில்லை. அப்போது அலையொன்று கொண்டுவந்து சேர்த்த தாமரை மலர் திருவடியில் பட்டதும் வித்தியாதரனாக மாறி விண்ணேறுகிறது. அந்த வியப்பிலிருந்தே கதை தொடங்குகிறது. இன்று கடற்கரைக் கோயிலின் இரு சிவாலயங்களுக்கிடையே பள்ளிகொண்டிருக்கும் திருமாலே தண்டி கண்ட பெருமான் என்று ஆய்வாளர் பலர் கருதுவர்.

காஞ்சியிலிருந்து மல்லை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஆதலால் அக்காலத்தில் இது ஒருநாட் பயணமாக இருந்திருக்க முடியாது. ஆனால் வழிகாட்டியுடன் சென்ற பயணம் என்பதில் ஐயமில்லை. அதிலும், வழிகாட்டியாக வந்தவன் வேலையைச் செய்த சிற்பியே. அவன் காட்ட விரும்பியது கோயிலின் பெருமையை அன்று, மன்னனின் விருதுகளையும் அன்று. ஒரு கையின் பொருத்தினை. லலிதாலயன் திராவிட மொழியில் சூத்திரகன் சரிதம் பாடியவன் என்றும் அந்நூல் கூறுகிறது. அக்காவியம் நமக்குக் கிட்டியிருந்தால் தமிழிலக்கிய வரலாற்றில் ஓர் அதிகாரமே கூடியிருக்கும். அவந்திசுந்தரி கதை சிதைந்த வடிவில் 1924இல்தான் சென்னையில் அச்சேறியது. அதற்கு முந்திய நூற்றைம்பது ஆண்டுகளில் மல்லைக்கு வந்து எழுதிய எவர்க்கும் லலிதாலயனைத் தெரியாது.

அவர்களுக்கு வேறு வழிகாட்டிகள் கிடைத்தார்கள். வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1772இலும் 1776இலும் மல்லைக்கு வந்தார். அவர் எழுதிய கட்டுரை 1788இல் கல்கத்தாவில் வெளியான 'ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் இடம்பெற்றது. ஐரோப்பியர் மல்லையைப் பற்றி ஆய்வு நோக்கில் எழுதியவற்றுள் முன்னோடி அதுவே. தாம் எதனையும் அளந்து பார்க்கவில்லை, வந்த காலத்தில் குறிப்பெடுத்துக்கொள்ளவும் இல்லை, பல்லாண்டு கழித்து நினைவிலிருந்தே எழுதுவதால் பிழை நேர்ந்தால் பொறுக்க வேண்டும் என்று அவரே தொடக்கத்தில் கூறிவிடுகிறார். வேடிக்கை பார்க்க வந்து சென்றவரின் நேர்மையான வாக்குமூலம் அது. ஆனால் காதில் விழுந்ததை அவர் மறக்கவில்லை. மாலுமிகள் இவ்வூரை 'ஏழு கோயில்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். மாபலியின் நகரம் இது என்று அந்தணர்கள் சொன்னார்கள். நகரின் சிறப்புக் கண்டு பொறாமை கொண்ட இந்திரன் கடலை ஏவி அதனை மூழ்கடித்த கதையையும் சொன்னார்கள். கடலுக்குள்ளே கோபுர முடிகளின் செப்புத் தகடுகள் கதிரவன் எழும்போது மின்னியதை முதியவர்கள் கண்டதுண்டு என்றும், பிற்காலத்தில் தகட்டில் களிம்பேறியதால் அவ்வொளி தோன்றுவதில்லை என்றும் உள்ளூரார் அவரிடம் கூறினர். களிம்பைச் சேர்த்துச் சொன்ன அந்தக் கதைசொல்லியின் சாமர்த்தியம் பாராட்டத்தக்கது. ஏன் இப்போது தெரியவில்லை என்று கேட்பதற்கு முன்பே விடை வந்துவிடுகிறது!

இச்செய்தி கடல் கடந்தது. இந்தியாவையே பாராத ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் சதே, 1810இல் வெளியிட்ட 'கெஹாமாவின் சாபம்' என்னும் காவியத்தில் கடலுள் மூழ்கிய பலியின் நகரைப் படைத்தார். மல்லையில் ஒரு பிற்பகலில் யாரோ ஓர் ஊரார் சொன்ன சொல், நாற்பதாண்டுக்குள் ஆங்கிலக் கவிதையாகிவிட்டது. மறுஆண்டு மல்லைக்கு வந்த மரியா கிரகாம் அம்மையார் 1812இல் தம் பயண நூலை வெளியிட்டார். கர்னல் மெக்கன்சியின் உதவியாளராகிய காவலி லட்சுமய்யா 1803இலேயே மல்லைக் கோயில்களைப் பற்றித் தெலுங்கில் ஒரு விவரணம் எழுதியிருந்தார். பாபிங்டன் இங்குள்ள எழுத்துகளை ஆராய்ந்து எழுதியது 1830இல் வெளிவந்தது. இத்தகைய கட்டுரைகளையெல்லாம் திரட்டிக் கார் என்பவர் 1869இல் ஒரு தொகுப்பாக்கினார்.

கல்வெட்டுகளைப் படிக்கத் தொடங்கியதும், காட்டியவர்கள் சொன்ன பெயர்களுக்கும் கல் சொல்வதற்கும் உள்ள இடைவெளி தெரியலாயிற்று. பஞ்சபாண்டவர் இரதங்கள் என வழங்குபவற்றில் பாண்டவர் எவரும் இல்லை. திரௌபதி இரதத்தில் நிற்பவள் கொற்றவை. தருமராச இரதம் சிவபெருமானுக்கு எடுத்தது. அதன்மேல் பல்லவனின் விருதுப் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. கணேச இரதமும் சிவனுக்கு எழுந்த கோயிலே என்பதை அதிலுள்ள கல்வெட்டு உணர்த்துகிறது. பிள்ளையார் பிற்காலத்தில் வந்தவர். 90 அடிக்குமேல் நீண்ட பெரும்பாறைச் சிற்பத்தை 'அருச்சுனன் தபசு' என்றே மக்கள் வழங்கி வந்தனர். அது கங்கை இறங்கும் காட்சி என்று கொலுபேவ் என்பார் 1914இல் எழுதினார். பாறையின் நடுப்பிளவும் அதில் நீந்தி மேலேறும் நாகங்களும் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. வழக்கு இன்றும் முடியவில்லை. ஊரின் பெயரும் அவ்வாறே. மாமல்லன் பெயரால் அமைந்த மாமல்லபுரம் என்பதையே தமிழக அரசு வழங்குகிறது; 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோதோ, பட்டியலில் ஏறியது 'மகாபலிபுரம்'. சேம்பர்சுக்குக் கதை சொன்ன அந்தணரின் வாக்கு அங்கே நிலைத்துவிட்டது.

இதனால் வழிகாட்டிகள் பொய்யர் என்று தள்ளிவிடலாகாது. பெயரில்லாத பாறை எவர் நினைவிலும் நிற்பதில்லை. பாரதக் கதையைக் கேட்டு வளர்ந்த மக்கள், ஒரே இடத்தில் ஐந்து தேர்களைக் கண்டபோது ஐவரை நினைத்ததில் வியப்பு என்ன? பெயரோடு பார்வை நின்றுவிடுவதுதான் குறை. பார்க்கும் நேரம் சுருங்கச் சுருங்கப் பெயரின் ஆட்சி ஓங்குகிறது.

நேரம் சுருங்கிய கதை பயண வழியின் கதையே. சென்னையிலிருந்து பல்லக்கில் வந்தவர்களுக்குப் பின், படகில் வந்தவர்களின் காலம் தோன்றியது. 1806இல் காக்கரேன் என்பார் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் அரசின் கைக்கு வந்து இருபுறமும் நீண்டது. நகரின் ஊடே செல்லும் இணைப்பு 1877-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டு, அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. பசித்த மக்கள் மண் சுமந்து வெட்டிய அந்தக் கால்வாய் மல்லைக்கு மேற்கே ஓடுகிறது. மாலையில் நகரில் படகேறி, இரவெல்லாம் நீரில் மிதந்து, விடியலில் மல்லைத் துறையில் இறங்குவது வழக்கமாயிற்று. காற்று உதவாதபோது, ஆட்கள் கரைமேல் நடந்து கயிற்றால் இழுத்தும், கழியால் உந்தியும் படகைச் செலுத்தினர்.

பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களுடன் சென்ற இந்தப் படகுப் பயணத்தையே 'மாவலிபுரச் செலவு' என்னும் பாடலாக்கினார். செலவு என்பது பயணத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். இன்றைய இளைஞர் தலைப்பைப் படித்துவிட்டுக் கணக்கு வழக்கு என்று எண்ணக்கூடும்! ஆனால் அச்சொல் பொருத்தமானது. அந்நாளில் போகும் வழியும் பயணத்தின் பயனாகவே இருந்தது. கல்கியின் அனுபவமும் இத்தகையதே. ரசிகமணி டி. கே. சி.யுடன் மாமல்லைக் கடற்கரையில் அமர்ந்திருந்த பொழுதில் எழுந்த கற்பனையே தம் பல்லவர் கால நாவலுக்கு வித்து என்று அவர் 'சிவகாமியின் சபதம்' நூலில் குறித்துள்ளார். ஒருநாட் பேருந்தில் வந்திருந்தால் அவருக்கு அந்த அமர்வு வாய்த்திராது. அந்நாவலுக்குப்பின் ஆயனரையும் சிவகாமியையும் வரலாற்று மாந்தர் என்றே நம்பிச் சிற்பங்களினிடையே தேடுவோரும் உண்டு. கதை மறுபடியும் கல்லின்மேல் ஏறிக்கொண்டது.

சாலைகள் பெருகியதும் கால்வாய் தூர்ந்தது, படகுகள் மறைந்தன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் தோன்றியது. காஞ்சி, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் என மூன்றையும் ஒரே நாளில் காட்டும் பேருந்துச் சுற்று அதன்பின் நிலைபெற்றது. பல்லவரின் தலைநகரையும் துறைமுகத்தையும் இணைத்த இந்தத் திட்டம் வரலாற்றுக்கு மிகப் பொருத்தமானது. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலையும் மல்லைக் கடற்கரைக் கோயிலையும் எடுப்பித்தவன் இராசசிம்மன் ஒருவனே. இரண்டையும் ஒரே பகலில் பார்ப்பவன், அந்த மன்னனின் கை ஒரு தலைமுறைக்குள் செய்ததை ஒப்பிட்டறியலாம். ஆனால் கடிகாரம் அதற்கு இடந்தருவதில்லை. காஞ்சியில் பட்டுக்கடை வாயிலில் கழியும் நேரம் கயிலாசநாதருக்குக் கிடைப்பதில்லை. திருக்கழுக்குன்றத்திலோ நண்பகலில் சர்க்கரைப் பொங்கல் உண்ண வரும் இரு கழுகுகளைக் காண ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டியிருந்தது. எனவே அன்றைய பயணம் முழுவதையும் அப்பறவைகளே வகுத்தன எனலாம். 1990களின் இறுதிக்குள் அவை வருவது நின்றுபோயிற்று. காசியில் நீராடி இராமேசுவரத்திற்குப் பறந்து செல்பவை என்று நம்பிக் காத்திருந்த அடியார்களின் ஏமாற்றம் பெரிது.

மல்லைக்குக் கிடைப்பது இரண்டு மூன்று மணி நேரம். ஐந்து தேர், அருச்சுனன் தபசு, உருண்டு விழுவதுபோல் சரிவில் நிற்கும் 'கண்ணனின் வெண்ணெய் உருண்டை', கடற்கரைக் கோயில் என்ற நான்கே அதற்குள் அடங்கும். மகிடாசுரமர்த்தினி குகையில் சிங்கத்தின்மேல் அமர்ந்து போர்புரியும் தேவியும், எதிர்ச்சுவரில் அறிதுயில் கொண்ட திருமாலும் பலரால் பார்க்கப்படுவதில்லை. பாதியில் விடப்பட்ட பாறைகள் அதைவிடப் புறக்கணிக்கப்பட்டவை. அவற்றில்தான் உளி எப்படிச் சென்றது, பாறையைக் கட்டங்கட்டமாக எவ்வாறு பிளந்தெடுத்தார்கள் என்பது தெரிகிறது. லலிதாலயன் இருந்திருந்தால் அங்கேதான் முதலில் அழைத்துச் சென்றிருப்பான். 1957இல் தொடங்கிய அரசினர் சிற்பக் கல்லூரியால் அவன் தொழில் இன்றும் மல்லையில் வாழ்கிறது. சாலையோரப் பட்டறைகளில் உளியோசை பேருந்தின் சன்னல்வரை கேட்கிறது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுவதற்குமுன் கடல் பின்வாங்கியபோது, நீருக்கடியில் வரிசையான கற்களைக் கண்டதாகச் சிலர் கூறினர். ஏழு கோயிற் கதை உலகெங்கும் மறுபடி பேசப்பட்டது. அதற்கு முன்பே, 2002இல் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் கடலுள் மூழ்கித் தேடி, கரைக்கு அப்பால் கட்டடச் சிதைவுகள் கிடப்பதை அறிவித்திருந்தனர். அவை ஆறு கோயில்களின் எச்சங்கள் என்று எவரும் நிறுவவில்லை. ஆனால் சேம்பர்சிடம் பேசிய உள்ளூரார் வெறுங்கற்பனையையே சொன்னார்கள் என்று முன்போல் உறுதியாகச் சிரிப்பதும் இயலாதாயிற்று.

2021-22ஆம் ஆண்டில் மாமல்லபுரத்திற்குக் கட்டணம் செலுத்தி வந்த வெளிநாட்டார் 1,44,984 பேர். அவ்வாண்டு தாஜ்மகாலைக் கண்டவர்களைவிட அவர்களே மிகுதி. அவர்களிற் பலர் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வந்திருப்பர். அச்சாலையில் ஊருக்கு வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் சாளுவன்குப்பம் உள்ளது. ஆழிப்பேரலை அங்கே மணலை அரித்து, பாறையொன்றின் கல்வெட்டை வெளிக்காட்டியது. அதைத் தொடர்ந்து 2005இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, முருகன் கோயிலின் கருங்கல் அடித்தளமும், அதன்கீழ் சங்க காலத்தது என அவர்கள் கருதிய செங்கற் கோயிலும், கல்லால் ஆன வேலும் கிடைத்தன. திருவிழிச்சில் என்பது அவ்வூரின் பழைய பெயர். அருகிலுள்ள அதிரணசண்டன் குகைக் கோயிலில் ஒரே செய்தி இருவகை எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் பல அங்கே நிற்பதில்லை. அந்த வளைவைக் கடக்கும்போது மல்லை இன்னும் பத்து நிமிடம் என்று வழிகாட்டி அறிவிக்க, பயணிகள் இறங்க ஆயத்தமாகின்றனர்.