18310 என்ற லைசென்ஸ் பிறந்த கதை

அந்த லைசென்ஸின் எண் 18310. தேதி 1921 ஜூன் 15. பெயர் பெஸ்ஸி கோல்மன், பிறந்தது அமெரிக்காவின் டெக்ஸஸில். அச்சடித்த வாசகம் பிரெஞ்சு. டெக்ஸஸில் பருத்தி எடுத்து வளர்ந்த கறுப்பினப் பெண்ணுக்கு விமானம் ஓட்டும் உரிமத்தை ஏன் பிரான்ஸ் கொடுத்தது? கதையே அதில்தான் இருக்கிறது.

பதின்மூன்று பிள்ளைகள் பிறந்த வீடு அது. பெஸ்ஸிக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா ஜார்ஜ் குடும்பத்தை விட்டு ஓக்லஹோமா பக்கம் போய்விட்டார். அம்மா சூசன் பிறர் வீட்டில் வேலை பார்த்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டருக்கு மேல் நடை. பருத்தி எடுப்புக் காலம் வந்தால் படிப்பு நின்றுவிடும். கணக்கில் கெட்டிக்காரியான பெஸ்ஸிதான் வீட்டார் எடுத்த பஞ்சுக்குக் கணக்கு வைத்துக்கொள்வார். பிறகு லாங்ஸ்டன் என்ற ஊரில் கல்லூரி. ஒரு பருவத்திலேயே கையிருப்பு தீர்ந்து ஊர் திரும்பினார்.

1915இல் அண்ணன் வீட்டுக்கு சிகாகோ வந்தவருக்கு ஒரு சலூனில் வேலை கிடைத்தது. முடிவெட்ட வரும் ஆண்களின் கைநகங்களுக்கு மெருகு போடும் வேலை. முதல் உலகப் போரில் பிரான்ஸ் போய்த் திரும்பிய இன்னோர் அண்ணன் ஜான், அங்கே பெண்கள் விமானம் ஓட்டுவதைச் சொல்லி, உங்களால் அதெல்லாம் ஆகாது என்று சீண்டினார். எல்லாரும் இந்தச் சீண்டலைத்தான் கதையின் தொடக்கமாகச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு அடுத்து நடந்தது. அமெரிக்க விமானப் பள்ளிகளில் அவரைச் சேர்த்துக்கொள்ள ஆளில்லை. பெண் என்பதும் கறுப்பு என்பதும் சேர்ந்து கதவை அடைத்தன. ‘சிகாகோ டிஃபெண்டர்’ பத்திரிகையின் நிறுவனர் ராபர்ட் அபட், பிரான்ஸுக்குப் போய்ப் படி, முதலில் அந்த மொழியைக் கற்றுக்கொள் என்று யோசனை சொன்னார். பெஸ்ஸி பிரெஞ்சு வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். இருபத்தேழு இருபத்தெட்டு வயதில், வானத்தில் ஏற வேண்டும் என்பதற்காக ஒரு மொழியை அரிச்சுவடியிலிருந்து படிப்பது சாதாரண வைராக்கியமில்லை.

1920 நவம்பரில் நியூயார்க்கில் கப்பலேறினார். வடக்கு பிரான்ஸின் கடலோர ஊரான லெ க்ரோதுவாவில், கோட்ரோன் சகோதரர்களின் விமானப் பள்ளியில் இடம் கிடைத்தது. பழகியது நியூபோர்ட் 82: மரச் சட்டம், கம்பிக் கட்டு, மேலே துணி. ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. கைக்கு ஒரு தடி, காலுக்கு ஒரு கட்டை. ஆசிரியர் முன்னால், மாணவி பின்னால். இன்ஜின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. ஆசிரியர் தன் தடியை அசைக்கும்போது பின்னிருக்கையில் இருக்கும் தடியும் சேர்ந்து அசையும். அது எவ்வளவு சாய்கிறது, கட்டை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பாடம். கூடப் படித்த ஒருவர் விபத்தில் இறந்ததையும் பார்த்தார். பயிற்சியை விடவில்லை.

தேர்வில் எட்டுப் போட வேண்டும். தரையைத் தொடுமுன் இன்ஜினை அணைத்து, குறித்த இடத்துக்கு 50 மீட்டருக்குள் இறங்க வேண்டும். தேறினார். விமானி உரிமம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர்தான். பிறந்தது 1892, லைசென்ஸிலோ 1896 என்று இருக்கிறது. நான்கு வயது குறைந்த அந்தப் பெண்ணையும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஊர் திரும்பியபோது பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆனால் பிழைப்புக்கு இருந்த வழி வான்சாகசம் ஒன்றுதான். அதைக் கற்க மறுபடி ஐரோப்பா போனார். 1923இல் லாஸ் ஏஞ்சலஸில் விமானம் விழுந்து கால் முறிந்தது. எழுந்து வந்து மறுபடி பறந்தார். தான் வளர்ந்த வாக்ஸஹாச்சியில் காட்சி நடத்தியபோது வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி வாசல் என்றார்கள். ஒரே வாசல் வைத்தால்தான் ஏறுவேன் என்று நின்றார், வைத்தார்கள். இந்த ஓட்டமெல்லாம் தன் மக்களுக்கென ஒரு விமானப் பள்ளி தொடங்கப் பணம் சேர்க்கத்தான். அடுத்தவர் கடல் தாண்டி, வேற்று மொழி படித்து உரிமம் வாங்க வேண்டியிருக்கக் கூடாது என்பதே அவர் எண்ணம்.

1926 ஏப்ரல் 30, ஃபுளோரிடாவின் ஜாக்ஸன்வில். மறுநாள் பாராசூட்டில் குதிக்க இடம் பார்ப்பதற்காக மேலே போனார். விமானத்தை ஓட்டியவர் மெக்கானிக் வில்லியம் வில்ஸ். வெளியே எட்டிப் பார்க்க வேண்டுமென்று பெஸ்ஸி பெல்ட் போடவில்லை. விமானம் தலைகுப்புறப் புரண்டது. அவர் விழுந்து இறந்தார். விமானத்தோடு விழுந்த வில்ஸும் பிழைக்கவில்லை. பிறகு பார்த்தால், கட்டுப்பாட்டுப் பற்சக்கரத்துக்குள் ஒரு ஸ்பேனர் சிக்கிக் கிடந்தது. பெஸ்ஸிக்கு வயது 34.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1929இல், வில்லியம் பவல் என்பவர் லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின இளைஞர்களுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ‘பெஸ்ஸி கோல்மன் ஏரோ கிளப்’ என்று பெயர் வைத்தார். 1931இல் சிகாகோவின் கறுப்பின விமானிகள் லிங்கன் கல்லறைத் தோட்டத்துக்கு மேலே தாழப் பறந்து, பெஸ்ஸியின் கல்லறைமேல் பூக்களைப் போட்டார்கள்.