புத்தகத்தில் செத்தவன் பகடையில் பிழைத்தால்

மூன்று வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில், மில்வாக்கியில் இருக்கும் மகன் வீட்டில் ஐந்து மாதம் தங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் என் பேரனும் அவன் நண்பர்கள் நாலு பேரும் வீட்டின் நிலவறையில் கூடிவிடுவார்கள். மேஜை நிறையக் காகிதம், பென்சில், சிப்ஸ் பொட்டலம், கலர் கலராகப் பகடைகள். ராத்திரி பதினொரு மணி வரை ஒரே கூச்சல். அவர்கள் ஆடியது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டம்.

தாயமும் பரமபதமும் ஆடி வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் புதிது. கட்டம் போட்ட பலகை அவசியமில்லை. ஜெயித்தவன் தோற்றவன் என்று யாரும் கிடையாது. ஒருவன் கதை சொல்லி. அவனுக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று. "எதிரே ஒரு குகை, உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று மாஸ்டர் கேட்பான். இவர்கள் சொல்வார்கள். காரியம் பலிக்குமா பலிக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணை வைத்துக் கதை நகரும். ஒரே கதையை வருஷக்கணக்கில் ஆடுகிறவர்கள் உண்டு.

அன்றைக்கு என் பேரன்தான் மாஸ்டர். பழைய புத்தகக் கடையில் வாங்கிய 1980-களின் டிராகன்லான்ஸ் ஆட்டப் புத்தகங்களை வைத்து எட்டு மாதமாக நடத்திக்கொண்டிருந்தான். அவனுடைய நெருங்கிய நண்பன் ஸ்டர்ம் என்ற வீரனாக ஆடினான். இதே கதை நாவலாகவும் வந்திருக்கிறது. நாவலில், ஒரு கோட்டை மதிலில் எதிரிப் படையின் டிராகனுக்கு முன்னால் ஸ்டர்ம் தனியாக நின்று உயிரை விடுகிறான். நிலவறையிலும் அதே மதில், அதே டிராகன். நண்பன் பகடையை உருட்டினான். இருபது விழுந்தது. அதைவிடப் பெரிய எண் கிடையாது.

அவர்கள் ஆங்கிலத்தில் போட்ட சண்டையைத் தமிழில் சொல்கிறேன். "அதெல்லாம் சரி, ஸ்டர்ம் இங்கே சாகணும். புத்தகத்தில் அப்படித்தான்" என்றான் என் பேரன். "அப்புறம் எதுக்குடா என்னை உருட்டச் சொன்னே?" என்று கேட்ட நண்பன், பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டான்.

பேரன் என்னிடம் வந்தான். "தாத்தா, நீங்க சொல்லுங்க. புத்தகத்துல இருக்கிறதுதானே சரி?"

நான் புத்தகம் படித்தே வளர்ந்தவன். எழுதினதை மாற்றினால் எனக்கு ஆகாது. "எழுதினவங்க சொன்னதுதானேப்பா சரி" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த நண்பன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. தீர்ப்பு சொன்ன எனக்கு உறுத்த ஆரம்பித்தது. விஷயம் தெரியாமல் நாட்டாமை செய்துவிட்டோமே என்று, பக்கத்து நூலகத்துக்குப் போய் இந்த ஆட்டத்தின் சரித்திரத்தைப் படித்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, எங்கள் நிலவறையில் நடந்தது அந்த ஆட்டத்தின் நாற்பது வருஷச் சண்டை என்று.

மில்வாக்கியிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் லேக் ஜெனிவா என்ற ஏரிக்கரை ஊர் இருக்கிறது. அங்கேதான் இது பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய ஆட்டத்தை டி.எஸ்.ஆர். என்ற சிறிய கம்பெனி 1974-இல் வெளியிட்டது. முதலில் அச்சிட்டது ஆயிரம் பெட்டிகள்தான். அந்தக் காலத்தில் நாவலுக்கும் ஆட்டத்துக்கும் சண்டை இல்லை. 1979-இல் வந்த மாஸ்டர்களுக்கான கையேட்டின் கடைசியில், தனக்குப் பிடித்த நாவலாசிரியர்களின் பட்டியல் ஒன்றைக் கைகாக்ஸ் கொடுத்தார். ஜாக் வான்ஸ் என்பவரின் கதைகளில் மந்திரவாதி மந்திரத்தை மனப்பாடம் செய்வான். ஒருமுறை பிரயோகித்ததும் அது மனசை விட்டு அழிந்துவிடும். கைகாக்ஸ் அந்த யோசனையை அப்படியே ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். "வான்ஸ் புத்தகத்தில் இருப்பது போலத்தான் ஆடுகிறீர்களா?" என்று யாரும் கேட்கவில்லை. வேண்டியதை எடுத்துக்கொள், மீதியை விடு என்பதுதான் வழக்கம்.

வழக்கம் மாறியது 1984-இல், டிராகன்லான்ஸ் வந்தபோது. டிரேசி ஹிக்மன் என்ற இளைஞர் டி.எஸ்.ஆரில் வேலை கிடைத்து, யூட்டா மாநிலத்திலிருந்து மனைவி லாராவுடன் காரில் விஸ்கான்சினுக்கு வந்தார். அந்த நெடும் பயணத்தில் இருவரும் பேசிப் பேசி உருவாக்கிய உலகம் அது. கம்பெனி, ஆட்டப் புத்தகங்களையும் நாவல்களையும் சேர்த்தே கொண்டுவரத் தீர்மானித்தது. நாவல் எழுத முதலில் அமர்த்திய ஆள் சரிப்படவில்லை. கம்பெனியில் பதிப்பாசிரியராக இருந்த மார்கரெட் வைஸும் ஹிக்மனும் தாங்களே எழுதிவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி. நாவலில் ரெய்ஸ்ட்லின் என்ற நோயாளி மந்திரவாதி வருகிறான். கிசுகிசுவென்று கரகரத்த குரலில் பேசுவான். அந்தக் குரலை எழுத்தாளர்கள் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வெள்ளோட்டமாக ஆடிப் பார்த்தபோது, அந்தப் பாத்திரத்தை எடுத்த ஆட்டக்காரர் திடீரென்று அப்படிப் பேசினார். மேஜையில் பிறந்த குரல் நாவலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நாவல்கள் சக்கைப்போடு போட்டன. இப்போது தலைகீழ் நிலைமை: புத்தகத்தில் உயிரோடு வரவேண்டிய பாத்திரம் ஆட்டத்தில் செத்துப்போனால் என்ன செய்வது? டிராகன்லான்ஸ் ஆட்டப் புத்தகங்களில் அதற்கொரு விதியே இருந்தது. முக்கியமான பாத்திரம் செத்தால் உடல் அகப்படாதபடி சாகச் செய்யுங்கள், பிற்பாடு எப்படியோ பிழைத்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மாஸ்டருக்கு யோசனை சொன்னார்கள். தண்டவாளத்தில் ஓடும் ரயிலில் உட்கார்ந்திருக்கிறோம், வண்டியை ஓட்டுவது நாங்கள் இல்லை என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தது இங்கேதான்.

அடுத்து 1987-இல் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். எட் கிரீன்வுட் என்ற கனடாக்காரர் சிறுவயது முதல் கற்பனை செய்து வைத்திருந்த உலகம். அவர் நூலகராக வேலை பார்த்தவர். அடுத்த வருஷமே ஆர்.ஏ. சால்வடோரின் நாவலில் ட்ரிஸ்ட் என்ற கறுப்பு எல்ஃப் வீரன் வந்தான். எந்த மேஜைக்குப் போனாலும் அவனைப் போலவே இரண்டு வாளோடு ஒருத்தன். இன்னொரு தொல்லை, எல்மின்ஸ்டர் என்ற மகா மந்திரவாதி. "அவ்வளவு பெரிய ஆள் பக்கத்தில் இருக்கும்போது, இந்தக் கிராமத்தை நாங்கள் எதற்குக் காப்பாற்ற வேண்டும்?" என்று ஆட்டக்காரர்கள் கேட்டால் மாஸ்டர் என்ன பதில் சொல்வார்?

1989-இல் ஆட்டத்தின் விதிகளைத் திருத்தி இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார்கள். கொலையாளி என்ற பாத்திர வகை அதில் இல்லை. சும்மா எடுத்துவிட்டால் போதாதா? மூன்று நாவல் எழுதினார்கள். தேவர்கள் பூமியில் வந்து விழுகிறார்கள். ஒரு தேவன் தன் பலத்துக்காக உலகத்தில் உள்ள கொலையாளிகள் எல்லோருடைய உயிரையும் உறிஞ்சிக்கொள்கிறான். பல வருஷம் ஒரு கொலையாளியை வளர்த்து ஆடியவனை நினைத்துப் பாருங்கள். அவன் ஒரு பகடைகூட உருட்டவில்லை. எங்கோ அச்சான நாவல் அவன் ஆளைத் தீர்த்துவிட்டது. கூடவே வந்த ஆட்டப் புத்தகங்களில் பெரிய காரியமெல்லாம் நாவலின் நாயகர்கள் செய்தார்கள்; ஆட்டக்காரர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

1991-இல் வந்த டார்க் சன் என்ற பாலைவன உலகத்திலும் இதே கதை. அங்கே கொடுங்கோல் மந்திர ராஜாக்களை எதிர்ப்பதுதான் ஆட்டத்தின் ருசி. இரண்டு வருஷத்துக்குள் வந்த ஐந்து நாவல்களில் அந்த ராஜாக்கள் சிலரையும் அவர்களுக்கு மேலிருந்த டிராகனையும் கொன்று முடித்துவிட்டார்கள். 1995-இல் ஆட்டப்பெட்டியையும் அதற்கேற்பத் திருத்தினார்கள். ஆட்டக்காரர்களுக்கென்று வைத்திருந்த விருந்தை நாவலே சாப்பிட்டுவிட்டது.

1997-இல் டி.எஸ்.ஆரை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி வாங்கியது. அவர்கள் நடத்திய போட்டிக்கு வந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகளில் கீத் பேக்கர் என்பவருடைய எபரான் உலகம் தேர்வாகி 2004-இல் வெளிவந்தது. அதற்கும் நாவல்கள் உண்டு. ஆனால் நாவலில் எது நடந்தாலும் ஆட்டத்தின் உலகம் நகராது. ஆட்டப் புத்தகங்களில் அது எப்போதும் 998-ஆம் வருஷத்திலேயே நிற்கும். அதற்கப்புறம் நடப்பது அவரவர் மேஜையைப் பொறுத்தது. எனக்கு இது நல்ல ஏற்பாடாகப் பட்டது. அப்படியும் பாடம் நிலைக்கவில்லை. 2008-இல் நான்காம் பதிப்புக்காக ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் மந்திரக் கொள்ளைநோய் ஒன்றை வரவழைத்து, கதையைச் சுமார் நூறு வருஷம் முன்னே தள்ளினார்கள். இந்தத் தடவை நாவல் வாசகர்களும் ஆட்டக்காரர்களும் சேர்ந்தே திட்டினார்கள்.

கடைசியில் 2021-இல், ஆட்டத்தின் விதிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஜெரமி கிராஃபோர்ட் அறிவித்தார்: 2014 முதல் வந்த ஆட்டப் புத்தகங்களில் இருப்பதுதான் ஆட்டத்துக்கு அதிகாரபூர்வம், நாவல்கள் அதில் சேராது. நாவல்களையெல்லாம் படித்தால்தான் மாஸ்டராக முடியும் என்று யாரும் பயப்படக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். முப்பது வருஷமாக ஒரு நாவல் விடாமல் படித்தவர்களுக்கு அது அடிவயிற்றில் விழுந்த அடி. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அந்த உலகத்துத் தெருவும் சாப்பாடும் பேச்சும் பலருக்கு மனசில் பதிந்தது நாவலால்தான். பொதுவாக ஒரு கதை இருந்தால்தான் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்ததும் பேச முடியும்.

இதையெல்லாம் படித்த பிறகு என் தீர்ப்பில் எங்கே பிசகு என்று புரிந்தது. கர்ண மோட்சம் கூத்துக்குப் போகிற நமக்குக் கர்ணன் சாவான் என்று தெரியும். தெரிந்தேதான் விடியவிடிய உட்கார்ந்து அழுகிறோம். பார்க்கிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் முடிவு தெரிந்திருப்பதால் ஒரு குறையும் இல்லை. நான் அந்த இடத்திலிருந்து தீர்ப்பு சொல்லிவிட்டேன். அந்தப் பையனோ பார்க்க வந்தவன் இல்லை. எட்டு மாதமாக அந்த வீரனுக்காக யோசித்து, பயந்து, பகடையை உருட்டியவன். அவன் கையில் பகடையைக் கொடுத்துவிட்டு முடிவைப் புத்தகத்தில் வைத்திருந்தால், கொடுத்தது பொய்யாகிவிடுகிறது.

பேரனைக் கூப்பிட்டு, "நான் சொன்னது தப்புப்பா" என்றேன். ரெய்ஸ்ட்லின் குரலின் கதையையும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "ஸ்டர்ம் செத்தால்தான் தாத்தா, பிரிஞ்சு கிடக்கிற வீரர்கள் ஒண்ணு சேருவாங்க. அடுத்த ஆறு மாசத்துக்கு நான் அதை வெச்சுத்தான் எழுதி வெச்சிருக்கேன்" என்றான். அவன் கஷ்டம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு நோட்டு நிறைய எழுதியிருந்தான் பாவம்.

அன்று ராத்திரி அவனே நண்பனுக்கு போன் செய்தான். வெள்ளிக்கிழமை ஐந்து பேரும் கூடினார்கள். ஸ்டர்ம் மதிலிலிருந்து காயத்தோடு இறங்கி வந்தான். வீரர்களை ஒன்று சேர்க்க அவன் வாயால் பேச வேண்டியிருந்தது. அதற்கு மூன்று வாரம் பிடித்தது, இரண்டு தடவை பகடை காலை வாரியது. நான் ஓர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து என்ன நடக்கும் என்று பேரனுக்கும் தெரியாது.

ஊருக்குத் திரும்பும்போது அந்த நாவலை வாங்கி வந்தேன். அதில் ஸ்டர்ம் செத்துத்தான் போகிறான். இரண்டு தடவை படித்துவிட்டேன். இரண்டு தடவையும் அந்த இடத்தில் கண் கலங்கியது.