டிராகன் வாயிலும் கெண்டை மீனும்

சீன நாட்டின் மஞ்சளாற்றில் ‘லுங்மென்’ என்றோர் இடம் உண்டு. டிராகன் வாயில் என்பது அதன் பொருள். ஆறு அங்கே மலையிடுக்கில் அகப்பட்டுச் சீறிப் பாய்கிறது. அவ்வெள்ளத்தை எதிர்த்து நீந்தி வாயிலைத் தாண்டும் கெண்டை மீன் டிராகனாக மாறிவிடும் என்பது பழங்கதை. சீனர் இக்கதையை அரசாங்கத் தேர்வுடன் இணைத்துக்கொண்டனர். தேர்வில் வென்றால் எளிய குடியில் பிறந்தவனும் அதிகாரியாகலாம் அல்லவா? ஆகவே தேர்ச்சி பெற்றவனை ‘டிராகன் வாயிலைத் தாண்டியவன்’ என்றனர். 1905-ஆம் ஆண்டில் அத்தேர்வு முறை ஒழிந்தது. அந்தச் சொல் ஒழியவில்லை.

கதையின் மறுபாதியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தாண்டமாட்டாத மீன்கள் நெற்றியில் வடுவுடன் திரும்பின என்றும் அக்கதை கூறும். தேர்வில் தவறியதைச் சீனப் புலவர்கள் ‘நெற்றியில் வடுப்படுதல்’ என்றே குறித்தனர். முடிவுப் பட்டியலில் தம் எண்ணைத் தேடி நின்ற நம்மில் பலருக்கு இச்சொல்லின் வலி விளங்காமற் போகாது. வெற்றியின் சின்னம் என்று கெண்டையைப் போற்றுகிறோம். வடுப்பட்ட மீன்களே மிகப் பல.

கதை ஜப்பானுக்கும் சென்றது. எடோ காலத்திலிருந்தே, ஆண்மகவு வலிமையுடன் வளரவேண்டுமென்று கெண்டை வடிவக் கொடிகளை வீட்டின்முன் ஏற்றும் வழக்கம் அங்குப் பரவிற்று. இன்றும் மே 5-ஆம் நாளையொட்டி அவை காற்றில் நீந்துகின்றன.

செல்வர் வீட்டுக் குளங்களில் இன்று நற்பேற்றுக்காக வளர்க்கப்பெறும் வண்ணக் கெண்டையோ ஏழை உழவரின் படைப்பு. நிகாட்டாப் பகுதியின் யமகோஷி மலைகளில் பனி பெய்தால் வழியெல்லாம் அடைபட்டுவிடும். அக்காலத்து உணவுக்காக உழவர்கள் வயல்நீர்க் குளங்களில் கருங்கெண்டை வளர்த்தனர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அவற்றுள் சில சிவப்பும் வெள்ளையுமாகத் தோன்றின. அவற்றை உலையில் இடாமல் காத்து, இனம் சேர்த்துப் பெருக்கினர். பசித்த வீட்டில் ஒரு மீனை அதன் அழகுக்காக உயிரோடு விட்டுவைப்பது சிறிய செயல் அன்று. 1914-இல் டோக்கியோ நகரில் நடந்த பொருட்காட்சியில் இம்மீன்களை நாடே கண்டு வியந்தது. ‘நிஷிகிகோய்’, அதாவது சரிகைப் பட்டுக் கெண்டை, என்ற பெயரால் பின்னர் உலகெங்கும் புகழ்பெற்றது.

2004 அக்டோபர் 23 அன்று அம்மலைகளை நிலநடுக்கம் தாக்கியது. குளங்கள் உடைந்தன, எண்ணற்ற மீன்கள் மடிந்தன. யமகோஷி மக்கள் அனைவரும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். எஞ்சிய மீன்களில் சிலவற்றை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பாற்றினர். சில ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியவர்கள், சரிந்த கரைகளை மீண்டும் கட்டிக் குளங்களில் நீர் நிரப்பலாயினர்.